சந்தேக நபருக்குத் தொப்பை உண்டு

"ஏட்டய்யா, பொட்டியில ஏதோ காகிதம் விழுந்திருக்கு. பாருங்க" என்று சொல்லிவிட்டு, பெருக்குகிற அக்கா துடைப்பத்தோடு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டாள்.

ஏட்டு நம்பவில்லை. பல்கலைக்கழக வளாகத்துப் புறக்காவல் நிலையத்தின் வாசலில் அந்தப் புகார்ப் பெட்டியை மாட்டி எட்டு மாதம் ஆகிறது. இதுவரை அதிலிருந்து அவர் எடுத்தவை ஒரு மிட்டாய்க் காகிதம், இரண்டு பல்லி முட்டைகள், பக்கத்து நூலகத்தில் சேர்த்திருக்க வேண்டிய ஒரு கணிதப் புத்தகம். இருந்தாலும் கடமை கடமைதான். சாவியைத் தேடி எடுத்துத் திறந்தார்.

உண்மையிலேயே புகார்தான். நாலாக மடித்த காகிதம்.

"மதிப்பிற்குரிய காவல் அதிகாரி அவர்களுக்கு, கடந்த மூன்று நாட்களாக நம் வளாகத்தில் ஒரு மர்ம நபர் நடமாடுகிறார். வயது ஐம்பது இருக்கலாம். உயரம் நடுத்தரம். தொப்பை உண்டு. பழுப்பு நிறக் கட்டம் போட்ட சட்டை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறார். அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் நிற்கிறார். பார்வை முழுவதும் எங்கள் மேல்தான். நேற்று கேன்டீனில் எங்கள் மேசையில் தானாக வந்து உட்கார்ந்து, எந்த ஊர், அப்பா என்ன வேலை, யாரோடு சுற்றுகிறீர்கள் என்றெல்லாம் விசாரித்தார். சட்டையின் மூன்றாவது பொத்தான் மட்டும் வெள்ளை. தாங்கள்தான் எங்களைக் காப்பாற்ற வேண்டும்."

ஏட்டுக்கு உடம்பு சிலிர்த்தது. எட்டு மாதத்தில் முதல் வழக்கு! நாற்காலியை இழுத்துப் போட்டு, பதிவேட்டைத் திறந்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றும்போது தற்செயலாகக் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

பழுப்பு நிறக் கட்டம். மூன்றாவது பொத்தான் வெள்ளை.

பேனா மூடியைத் திரும்பவும் மாட்டினார்.

அவர் அந்தச் சட்டையில் வந்ததற்குக் காரணம் இன்ஸ்பெக்டர் அம்மா. போன வாரம் அவர் தொலைபேசியில் அழைத்து, "ஏட்டு, எட்டு மாசத்துல உங்க நிலையத்துக்கு எத்தனை புகார்?" என்று கேட்டார்.

"ஒண்ணு மேடம். ஒரு பேராசிரியரோட குடை காணாமப் போச்சு."

"அது என்னாச்சு?"

"அவர் கையிலதான் மேடம் இருந்துச்சு. அன்னிக்கே கண்டுபிடிச்சுக் குடுத்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் அம்மா குடையை அதோடு விட்டுவிட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். 'மக்களோடு காவல்' திட்டத்தில் திறந்த புறக்காவல் நிலையங்களில் எதற்கும் உதவாதவற்றை மூடப் போகிறார்கள். மாதக் கடைசியில் பெரிய அதிகாரி நேரில் வருகிறார். ஜனங்கள் தேடி வராத நிலையம் என்று தெரிந்தால் அன்றே பூட்டு. ஏட்டுக்குத் துறைமுகக் காவலில் வேலை.

"துறைமுகமா? ரயில்ல ஒரு நாள் ஆகுமே மேடம்!"

"அதான் சொல்றேன். யூனிஃபார்மைப் பார்த்தாலே பசங்க அந்தப் பக்கமா சுத்திப் போறாங்க. மஃப்டில போங்க. பேசுங்க, பழகுங்க. நம்பிக்கை வந்தா புகார் தானா வரும்."

துறைமுகம் என்றதும் ஏட்டு பதறியதற்குக் கடல் காரணமில்லை. அவர் மனைவிக்கு இதே பல்கலைக்கழகத்தில் தேர்வுப் பிரிவில் வேலை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவள் இங்கே, அவர் மாற்றல் உத்தரவு சொன்ன இடத்தில். லீவு நாட்களையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது நாலு வருடம் தேறாது. இந்த எட்டு மாதமாகத்தான் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். சண்டையைக்கூட நேரில் போட்டுக்கொள்ள முடிகிறது. இத்தனை வருடமும் போனில் பாதிச் சண்டையில் சிக்னல் போய்விடும். யார் ஜெயித்தது என்றே தெரியாமல் மறுநாள் இருவரும் தூக்கம் கெட்டுப் போயிருப்பார்கள்.

அன்று மாலை அவளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை புகார் வந்தா மூட மாட்டாங்களாம்?"

"இருபதாவது இருந்தா தைரியமா பேசலாம்னாங்க."

"ம்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். வெங்காயமாக இருக்கலாம், ஏட்டு உற்றுப் பார்க்கவில்லை. "துறைமுகத்துல குவார்ட்டர்ஸ் உண்டா?"

"தனி ஆளுக்கு ஒரு ரூம்."

"அப்போ நீங்க மஃப்டில போங்க. அந்தக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்குங்க. பொத்தான் விழுந்திருக்கு, தச்சுத் தர்றேன். கறுப்பு நூலும் இல்ல, அதே பொத்தானும் இல்ல. இருக்கறதைத் தைக்கிறேன்."

இப்படித்தான் அவர் மூன்று நாள் மக்களோடு மக்களாகப் பழகினார். பழகிய லட்சணம் இப்போது கையில் காகிதமாக இருந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வெளியே சொல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது. பெட்டிக்கு வந்த முதல் புகாரைக் கிழித்துப் போட்டால் துறைமுகம். 'விசாரித்ததில் அந்த ஆள் நான்தான்' என்று எழுதினால் துறைமுகத்துக்கு முன்னால் ஊர் சிரிப்பு. யோசித்துப் பதிவேட்டில் 'விசாரணையில் உள்ளது' என்று எழுதினார். அது பொய்யுமில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல! விடாதீங்க. பெரிய ஐயா வர்றதுக்குள்ள அந்த ஆளைப் பிடிச்சிடணும்."

"பிடிச்சிடலாம் மேடம். பக்கத்துலதான் எங்கேயாவது இருப்பான்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் புகாரைக் காட்டினார். அவள் இரண்டு முறை படித்தாள். சிரிக்கவில்லை, அது அவள் பெருந்தன்மை என்று ஏட்டு நினைத்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே."

"வினாத்தாளையே பத்து வருஷமா வெளிய விடாதவ நான். உங்க சட்டை விஷயத்தையா விடப் போறேன்?"

"இன்னொண்ணு. இந்தத் தாளைப் பாரு. மார்ஜின் கோடு, மூலையில நூல் கோக்கற ஓட்டை. பரீட்சையில குடுக்கற அடிஷனல் ஷீட். உங்க செக்ஷன்ல இருந்து எவனோ தாள் திருடறான்."

"அப்படியா? நாளைக்கே விசாரிக்கிறேன்" என்று அவள் பொறுப்பாகச் சொன்னாள். "நீங்க முதல்ல சட்டையை மாத்துங்க. என் தம்பி விட்டுட்டுப் போன நீல டீ-ஷர்ட் இருக்கு. காலையில வாக்கிங் போறவங்க மாதிரி போங்க. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறுநாள் காலை, முதுகில் பத்து என்று எண் போட்ட நீல டீ-ஷர்ட்டில், தொப்பி வைத்து, ஏட்டு வளாகத்தைச் சுற்றி மெதுவோட்டம் ஓடினார். எதிரே வந்த மாணவர்கள் சிலர் அவருக்கு வணக்கம்கூடச் சொன்னார்கள். மனசு குளிர்ந்து நிலையத்துக்கு வந்தால் பெட்டியில் மூன்று காகிதங்கள்.

"சந்தேக நபர் மாறுவேடத்தில் வந்துள்ளார்" என்றது முதலாவது. "நீல டீ-ஷர்ட், பின்னால் பத்தாம் எண்" என்றது பச்சை மையில் எழுதிய இரண்டாவது. மூன்றாவது இன்னும் நுணுக்கமாக இருந்தது. "ஓடுவதுபோல் நடிக்கிறார். நாற்பது அடிக்கு ஒருமுறை மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வேவு பார்க்கிறார் என்று அஞ்சுகிறோம்."

வேவு பார்க்கவில்லை, மூச்சு வாங்கியது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்தடுத்த நாட்களில் அவர் வெள்ளைச் சட்டை போட்டார். புத்தகப் பை மாட்டினார். ஒருநாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, படியில் தடுக்கி விழுந்தார். எதற்கும் அசராமல் புகார்கள் வந்துகொண்டே இருந்தன. விதவிதமான கையெழுத்துகள். சாய்ந்தவை, குண்டானவை, எறும்பு ஊர்ந்தவை. முன்பெல்லாம் யாரும் எட்டிப் பார்க்காத நிலையத்துக்கு ஆட்கள் நேரிலும் வரத் தொடங்கினார்கள். "பிடிச்சிட்டீங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டு, அப்படியே உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். ஒரு பெண் விடுதிக் குழாய் ஒழுகுவதைச் சொன்னாள். ஒரு பையன் காதல் தோல்வியைச் சொன்னான். ஏட்டு இரண்டையும் பொறுமையாகக் கேட்டார். குழாயை மட்டும் சரிசெய்ய முடிந்தது.

பத்தாவது புகார் வந்த அன்று நுண்கலைத் துறையின் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி கழுத்தில் விசிலோடு உள்ளே வந்தாள். வளாகம் முழுவதும் அவளுக்குப் பெயரே விசில்தான். அவளுக்குப் பின்னால் தோட்டக்காரரும் ஏழெட்டு மாணவர்களும் நின்றார்கள்.

"ஐயா, நாங்க ஒரு காவல் குழு ஆரம்பிச்சிருக்கோம். 'மக்களோடு காவல்'னு நீங்கதானே போர்டு மாட்டியிருக்கீங்க? மக்கள் வந்துட்டோம். நீங்கதான் தலைவர்."

"எதுக்கும்மா குழு?"

"அந்த ஆளைப் பிடிக்கத்தான்!"

தன்னைப் பிடிக்கத் தானே தலைமை தாங்குவது காவல்துறை வரலாற்றில் புதிதாக இருக்கலாம். ஆனால் பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட காவல் குழுவை எந்த வாயால் வேண்டாம் என்பது? அன்று மாலை முழுவதும் அவர் முன்னால் நடக்க, பின்னால் பத்துப் பேர் விசிலோடு நடந்து, அவரை எல்லா இடத்திலும் தேடினார்கள்.

மறுநாள் விசில் வரைபலகையோடு வந்தாள். "சாட்சிங்க சொன்னதை வச்சு ஆளோட படத்தை வரையப் போறேன் ஐயா. நீங்களும் கூட இருங்க." சொல்லிவிட்டு அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். ஒரு கோடு போடுவாள். அவரை நிமிர்ந்து பார்ப்பாள். இன்னொரு கோடு போடுவாள்.

"மூக்கு இன்னும் கொஞ்சம் சின்னதா போடும்மா" என்றார் ஏட்டு.

"நீங்க பார்த்தீங்களா ஐயா அந்த ஆளை?"

"இல்ல இல்ல. பொதுவா சந்தேகப்பட்ட ஆளுங்களுக்கு மூக்கு சின்னதாத்தான் இருக்கும். என் அனுபவம்."

"சாட்சி எல்லாரும் பெரிய மூக்குன்னுதான் சொல்றாங்க ஐயா" என்று அவள் தயக்கமில்லாமல் பெரிதாகவே போட்டாள். பிறகு மீசையை ஆரம்பித்தாள். அதை ரொம்ப ரசித்து, முறுக்கு குறையாமல் வரைந்தாள். பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரர், "அப்படியே இருக்கு!" என்று சொல்லிவிட்டு, ஏனோ இருமல் வந்து வெளியே போனார்.

அந்தப் படம் வளாகமெங்கும் ஒட்டப்பட்டது. அன்றிரவு ஏட்டு கண்ணாடி முன்னால் நின்றார். இருபத்தைந்து வருடத்து மீசை. வேலையில் சேர்ந்த வருடம் வளர்த்தது. மீசையா, மனைவியா என்று ஒரு கணம்கூட அவர் யோசிக்கவில்லை. அதற்காகக் கண் கலங்காமலும் இல்லை.

குளியலறையிலிருந்து வெளியே வந்த முகத்தைப் பார்த்து மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"என்னங்க இது?"

"படத்துல மீசை இருக்கு. இப்போ எனக்கு இல்ல. தீர்ந்துச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். தோள் குலுங்கியதைப் பார்த்து, அழுகிறாள் என்று நினைத்து அவரும் பின்னாலேயே போனார். "விடும்மா. முளைச்சிடும்" என்று முதுகைத் தட்டினார். அவளுக்குக் குலுக்கல் அதிகமாயிற்று.

மறுநாள் முதல் புகாரே, "சந்தேக நபர் மீசையை எடுத்துவிட்டார். இதனால் அவர் மேல் சந்தேகம் வலுக்கிறது" என்றிருந்தது.

இதற்கு மேல் தாங்காது என்று ஏட்டு முடிவெடுத்தார். மாதக் கடைசிக்கு இன்னும் நாலே நாள். இருபத்து நாலு புகார் சேர்ந்துவிட்டது, போதும். மஃப்டியைத் தூக்கி எறிந்துவிட்டு யூனிஃபார்மை மாட்டினார். 'தீவிர ரோந்தின் விளைவாகச் சந்தேக நபர் ஊரை விட்டே ஓடிவிட்டார் எனத் தெரியவருகிறது' என்று பதிவேட்டில் எழுதிக் கோப்பை மூடினார். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கும் சொல்லிவிட்டார். மனசு லேசானதும், இரண்டு வாரமாகக் குத்திக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் ஞாபகம் வந்தது. மறுநாள் பத்தரை மணிக்கு யாருக்கும் தெரியாமல் பல் மருத்துவரிடம் போனார். மனைவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதல் வேலையாக மேசை டிராயரில் இருக்கும் மிட்டாய் டப்பா போய்விடும்.

பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு, பன்னிரண்டரைக்கு நிலையத்துக்குத் திரும்பினார். பெட்டியில் ஒரு காகிதம்.

"சந்தேக நபர் ஊரை விட்டுப் போகவில்லை. இன்று காலை பதினொரு மணிக்கு, நீல டீ-ஷர்ட்டில், குளத்தங்கரைப் புதர் அருகே நின்றிருந்தார்."

ஏட்டு அதை மூன்று முறை படித்தார். பதினொரு மணிக்கு அவர் வாயைப் பிளந்து படுத்திருந்தார். டாக்டர் சாட்சி. பிடுங்கிய பல் சட்டைப் பையில் சாட்சி. நீல டீ-ஷர்ட் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அப்படியானால் குளத்தங்கரையில் நின்றது யார்?

முதல் முறையாக அவருக்கு உண்மையான பயம் வந்தது. இத்தனை நாளும் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று இருந்துவிட்டோமே! தன்னைப் போலவே தொப்பையும் டீ-ஷர்ட்டுமாக நிஜமாகவே ஒரு ஆள் பிள்ளைகள் மத்தியில் திரிகிறானோ? தன் மானத்தைப் பார்த்துக் கோப்பை வேறு மூடிவிட்டோமே! அந்தப் பிள்ளைகளில் யாருக்காவது ஒன்று ஆகிவிட்டால் துறைமுகம் என்ன, பாதாளத்துக்கு அனுப்பினாலும் தகும் என்று தன்னையே திட்டிக்கொண்டார். அந்த நிமிடம் அவர் மாற்றலை மறந்துபோனார். போலீஸ்காரராக மட்டும் இருந்தார்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாளிலிருந்து பதினோரு மணிக்குச் சரியாகக் குளத்தங்கரைப் புதருக்குள் போய் ஒளிந்துகொண்டார். யூனிஃபார்ம் வெளியே தெரிந்துவிடும் என்று அதற்கு மேலே அந்த நீல டீ-ஷர்ட்டையே மாட்டிக்கொண்டார். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாள் ஒரு நாய் வந்து, அவரைப் பார்த்து வருத்தப்பட்டுவிட்டுப் போனது. மூன்றாம் நாள்தான் மாதக் கடைசி. பெரிய அதிகாரி பன்னிரண்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று ஏட்டு அன்றும் புதருக்குள் புகுந்தார்.

பெரிய அதிகாரிகள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. இவர் பதினொன்று பத்துக்கே வந்துவிட்டார்.

"நிலையத்துல யாரும் இல்லையே?" என்றார்.

"ரோந்துல இருப்பார் சார். அதுக்குள்ள அந்த ஆள் கடைசியா தென்பட்ட இடத்தைப் பாருங்களேன்" என்று இன்ஸ்பெக்டர் அம்மா மேசையில் கிடந்த கடைசிப் புகாரைப் பார்த்துவிட்டுச் சமாளித்து, அவரைக் குளத்தங்கரைக்கு அழைத்து வந்தார். செய்தி தெரிந்து விசிலும் காவல் குழுவும் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள். தோட்டக்காரர் தன் பங்குக்கு, அதிகாரி பார்க்கும்போது வேலை செய்வதாக இருக்கட்டும் என்று ரப்பர் குழாயை எடுத்து அந்தப் புதருக்கே தண்ணீர் பீய்ச்சினார்.

"ஐயோ அம்மா!" என்று புதர் எழுந்து நின்றது.

நீல டீ-ஷர்ட். பத்தாம் எண். தொப்பை. தலையில் இலை. சொட்டச் சொட்ட நனைந்த ஏட்டு, பழக்க தோஷத்தில் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

விசில் விசிலை வாயில் வைத்தவள் ஊத மறந்துபோனாள். "ஐயா! நீங்க எதுக்கு இதுக்குள்ள போனீங்க?" என்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

பெரிய அதிகாரி மரத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். ஏட்டைப் பார்த்தார். ஒரு விரலால் படத்தின் மீசையை மறைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"ஏட்டு, என்ன இது?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டால் கெடட்டும் என்று ஏட்டு நிமிர்ந்தார். "அந்த ஆள் நான்தான் சார். மஃப்டில பழகலாம்னு போனேன். என்னையே சந்தேகப்பட்டுப் புகார் குடுத்துட்டாங்க. நிலையத்தை மூடிடுவீங்கன்னு பயந்து மறைச்சுட்டேன். மத்தவங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

"இல்ல சார்!" என்று விசில் குறுக்கே பாய்ந்தாள். "இவர் இல்ல சார் அந்த ஆள்! அந்த ஆள் வேற!"

"ஆமாங்க, அவன் இன்னும் உயரம்" என்றார் தோட்டக்காரர், குழாயை மூட மறந்து, தன் காலிலேயே தண்ணீர் விட்டபடி.

"அந்த ஆளுக்கு மூக்கு சின்னது சார்" என்றான் ஒரு மாணவன்.

ஏட்டு கையை உயர்த்தித் தடுத்தார். தன்னைக் காட்டிக் கொடுக்காமல் இந்தப் பிள்ளைகள் பொய் சொல்கிறார்களே! "வேணாம்பா. எனக்காகப் பொய் சொல்லாதீங்க. ஆனா சார், ஒரே ஒரு புகார் மட்டும் நான் இல்ல. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு இங்க ஒருத்தன் நின்னிருக்கான். அப்ப நான் பல் டாக்டர்கிட்ட இருந்தேன். இதோ பல்." பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "அவனைப் பிடிக்கத்தான் சார் மூணு நாளா ஒளிஞ்சிருக்கேன். என்னைத் துறைமுகத்துக்கு அனுப்புங்க. ஆனா அவனை விட்டுடாதீங்க. பிள்ளைங்க இருக்கற இடம்."

விசில் தரையைப் பார்த்தாள். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெரிய அதிகாரி பல்லை வாங்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான். "மொத்தம் எத்தனை புகார்?"

"இருபத்தஞ்சு சார்" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா, செத்த குரலில்.

"ஒரே ஆள் சட்டையை மாத்தினாலும் கண்டுபிடிச்சிருக்காங்க. மீசையை எடுத்தாலும் விடல. உடனே போலீஸ்கிட்ட எழுதிக் குடுத்திருக்காங்க. இந்தா, காவல் குழுவும் நிக்குது. என் முப்பது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு விழிப்பான ஜனங்களை நான் பார்த்ததில்ல. தப்பிச்சுக்க வழி இருந்தும் அந்த ஒரு புகாருக்காகத் தன்னைக் காட்டிக் குடுத்த ஏட்டையும் பார்த்ததில்ல." அதற்கு மேல் அடக்க முடியாமல் அவர் சிரித்துவிட்டார். பெரியவர் சிரித்ததும் மற்றவர்கள் சிரித்தார்கள். தோட்டக்காரர் குளத்தங்கரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். "இந்த நிலையத்தை மூட வேணாம். ஏட்டும் இங்கயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. மாசாமாசம் அறிக்கை வரணும். இந்தச் சுறுசுறுப்பு குறையக் கூடாது."

"குறையாது சார்!" என்று காவல் குழு ஒரே குரலில் சொன்னது.

தலைக்கு வந்தது மீசையோடு போயிற்று. ஏட்டு நனைந்த உடையோடு நேராகத் தேர்வுப் பிரிவுக்கு ஓடி, சன்னல் வழியாகவே மனைவியிடம் சொன்னார். அவள் அலுவலகம் என்றும் பார்க்காமல் கம்பி வழியாகக் கையை நீட்டி அவர் தலையிலிருந்த இலையை எடுத்தாள். இந்த முறை அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது; பக்கத்தில் வெங்காயம் இல்லை. பிறகுதான், "பல் டாக்டர்கிட்ட எப்பப் போனீங்க?" என்று கேட்டாள். மிட்டாய் டப்பா அன்றோடு போயிற்று.

சாயங்காலம் ஏட்டு நிலையத்தில் உட்கார்ந்து, இருபத்தைந்து புகார்களையும் வரிசையாக அடுக்கி நூல் கோத்தார். மூலையில் ஓட்டை இருந்தது வசதியாகப் போயிற்று. மனசு நிறைந்துதான் இருந்தது. திங்கட்கிழமைக் காகிதம் மட்டும் உறுத்தியது. பதினோரு மணிக்குக் குளத்தங்கரையில் நின்றவன் யார்? அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெருக்குகிற அக்கா உள்ளே வந்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். இடுப்பிலிருந்து மார்ஜின் கோடு போட்ட வெற்றுத் தாள் கட்டு ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"ஏட்டய்யா, அடுத்த மாசத்துக்கு யார் யார் எத்தனை புகார் எழுதணும்னு உங்க வீட்டம்மா பிரிச்சுக் குடுத்தாச்சு, ஆனா இனிமே வெளிய எங்க போறதா இருந்தாலும் முந்தின நாளே வீட்டுல சொல்லிடணுமாம், நீங்க பல்லைப் பிடுங்கிட்டு இருக்கற நேரத்துல உங்களைக் குளத்தங்கரையில நிக்க வச்சு எழுதிட்டோமேன்னு அம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்க."